சாலையோரம் உப்பு நக்க வந்தவர்கள்

போன இதழில் நானும் என் தம்பியும் கனடாவின் வடக்கே காரில் போய் வந்ததை இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தேன். எட்மன்டனில் கிளம்பி அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடித்து ஒயிட்ஹார்ஸ், அங்கிருந்து டெம்ப்ஸ்டர் என்ற சரளைக்கல் சாலையில் ஏறி ஆர்க்டிக் கடற்கரையில் இருக்கும் டக்டோயாக்டக், அப்புறம் வந்த வழியே திரும்பல். ஆகஸ்ட் நடுவில் கிளம்பினோம், 24 நாள், 7,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பக்கத்தில் என்னத்தைச் சொல்லிவிட முடியும், அதனால் வந்த கேள்விகளும் ஏராளம். பதில் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். டாசன் என்று இரண்டு ஊர் வருகிறதே, நீங்கள் எழுதியதில் பிழையா? – வாசகர், திருச்சி

பிழை இல்லை, இரண்டும் வேறு வேறு ஊர். டாசன் க்ரீக் என்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில், அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் இடம். ஊர் நடுவில் 'மைல் 0' என்று ஒரு கம்பம் நட்டு வைத்திருப்பார்கள், எல்லாரும் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம். டாசன் சிட்டி கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகான் பகுதியில், 1890களில் தங்கம் தேடி ஊரே திரண்டு ஓடியதே, அந்த க்ளோண்டைக் டாசன். இரண்டுக்கும் நடுவில் 1,900 கிலோமீட்டருக்கு மேல் தூரம். க்ரீக்கில் இறங்கி 'தங்கச் சுரங்கம் எங்கே' என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டாம், பெட்ரோல் பங்க் பையன் சொன்னான்.

என்னென்ன மிருகம், எத்தனை பார்த்தீர்கள் என்று கணக்கு சொல்லவே இல்லையே? ஆப்பிரிக்க சஃபாரி மாதிரி நிச்சயம் பார்க்கலாமா? நாங்கள் நான்கு பேர், இவ்வளவு செலவு செய்து போய் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு வர முடியாது. – வாசகி, கோயம்புத்தூர்

என் நோட்டில் எழுதி வைத்தபடியே தருகிறேன். கருங்கரடி 11, கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி 3, மூஸ் என்ற பெரிய மான் 6, ஸ்டோன் ஷீப் என்ற மலை ஆட்டுக் கூட்டம் இரண்டு, நரி 4, முள்ளம்பன்றி 1, லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை ஒன்று (எட்டு விநாடி இருக்கும், அவ்வளவுதான்). பைசனை நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஓநாய் பூஜ்யம்.

கேட்க நிறைய மாதிரி இருக்கும். 24 நாளில் வகுத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க ஓட்டி, ஒல்லி ஒல்லியாக நிற்கும் ஸ்ப்ரூஸ் மரத்தையும் அண்டங்காக்காயையும் தவிர எதையும் பார்க்காமல் கூடாரம் அடித்த நாட்கள் பாதிக்கு மேல். நிச்சயம் வேண்டும் என்றால் சஃபாரிக்கே போங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன், போன கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டியது, இடம் போதவில்லை. நாங்கள் பார்த்த மிருகங்களில் முக்கால்வாசி, காட்டுக்குள் இருந்ததை நாங்கள் போய்ப் பார்த்ததில்லை, சாலைக்கு வந்ததைத்தான் பார்த்தோம். அலாஸ்கா நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மரத்தை வெட்டி அகலமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். அங்கே வெயில் விழுகிறது, புல் முளைக்கிறது, க்ளோவர் முளைக்கிறது, மே ஜூனில் மஞ்சள் மஞ்சளாக டான்டிலியன் பூக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து எழுந்து வரும் கரடிக்கு அந்தப் பூ விருந்துச் சாப்பாடு. நாங்கள் போன ஆகஸ்டில் பூ முடிந்து, அதே ஓரத்தில் சோப்பெர்ரி என்ற சிவப்புப் பழம் பழுத்திருந்தது, கரடி கொத்தோடு உருவித் தின்றுகொண்டிருந்தது, எங்கள் காரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. பைசனும் அதே புல்லுக்குத்தான் வருகிறது. மன்ச்சோ ஏரிப் பக்கம் மலை ஆடுகள் பாறையை விட்டு இறங்கி வந்து நடுச்சாலையில் நின்று மண்ணை நக்கிக்கொண்டிருந்தன, அந்த மலையில் தாது உப்பு கசியும் இடங்கள் இருக்கின்றன, சாலை வெட்டியதில் அது வெளியே வந்து கிடக்கிறது, போதாக்குறைக்குக் குளிர்காலத்தில் தூவும் உப்பு வேறு. மூஸ் குளத்துக்குள் தலையை முக்கித் தண்ணீர்ச் செடியைத் தின்பதும் பெரும்பாலும் உப்புச் சத்துக்காகத்தான். அதனால் எங்கே மிருகம் தெரியும் என்று என்னைக் கேட்டால், எங்கே புல், எங்கே பழம், எங்கே உப்பு என்று பாருங்கள் என்பேன். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் தோது.

இது தெரிந்த பிறகு என் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் 'வனத்தைப் பார்த்தேன், வனத்தைப் பார்த்தேன்' என்று பீற்றிக்கொண்டது சாலையின் ஓரத்தைத்தான். சாலைக்கு வரவே வராத மிருகங்கள் அந்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்குப் பின்னால் எத்தனை இருந்தன, யார் கண்டது.

பைசன் என்று எழுதுகிறீர்கள். அது நம் முதுமலையில் பார்க்கும் காட்டெருமைதானே? – வாசகர், கூடலூர்

இல்லை. நம் பக்கத்து வனத்துறை ஆட்களும் பேச்சுவழக்கில் பைசன் என்பார்கள், அது வேறு இனம், கறுத்த பளபளக்கும் உடம்பு, வெள்ளைக் காலுறை. கனடாவில் நான் பார்த்தது வுட் பைசன். முன்பாதி மலை, பின்பாதி கழுதை என்கிற மாதிரி ஓர் உருவம். தோளில் பெரிய திமில், தாடி, கழுத்தெல்லாம் சடை. வட அமெரிக்க நிலத்தில் இதைவிடக் கனமான பிராணி கிடையாது. கலப்பில்லாத வுட் பைசனே இல்லாமல் போய்விட்டது என்று ஒரு காலத்தில் முடிவு கட்டிவிட்டார்கள், 1957இல் ஆகாயத்திலிருந்து பார்க்கும்போது ஒதுக்குப்புறத்தில் ஒரு சிறு மந்தை கண்ணில் பட்டது, அந்த வம்சம்தான் பல இடங்களில் கொண்டுபோய் விடப்பட்டது. லியார்ட் ஆற்றுப் பக்கம் இன்றைக்கு அவை சாலையில் படுத்து மண் குளிக்கின்றன. லாரி ஹாரன் அடித்தால் எழுந்திருக்காது. நாங்கள் இருபத்தைந்து நிமிடம் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம், மந்தை இரண்டு பக்கமும் காரை உரசாத குறையாக நடந்து போனது, மூச்சு விடும் சத்தம் உள்ளே கேட்டது. தம்பி பயத்தில் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டான். (ரேடியோவில் ஒன்றும் வரவில்லை என்பது வேறு விஷயம்.)

கரடி எதிரே வந்தால் என்ன செய்வது? மரத்தில் ஏறிவிடலாமா? – வாசகர், தேனி

கருங்கரடி உங்களைவிட நன்றாக மரம் ஏறும்.

சரி, விளையாட்டு போதும். காருக்குள் இருந்தால் காருக்குள்ளேயே இருங்கள், அதுதான் முதல் விதி. மசினகுடி சாலையில் யானைக்குப் பக்கத்தில் இறங்கி நின்று செல்ஃபி எடுக்கிற கோஷ்டி அங்கேயும் உண்டு, அங்கே அதற்கு 'பேர் ஜாம்', அதாவது கரடி நெரிசல், என்று தனிப் பெயரே இருக்கிறது, ஒரு கரடி, பத்து கார், பதினைந்து அசடு. கனடாவின் தேசியப் பூங்காக்களில் கரடிக்கு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்கிறார்கள், பத்து பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் என்று கணக்கு. மூஸ், ஆடு மாதிரியானவற்றுக்கு 30 மீட்டர்.

காலால் நடக்கும்போது சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும், கரடி திடுக்கிட்டால்தான் ஆபத்து. நான் பக்திப் பாட்டு பாடினேன், தம்பி கரடியே தேவலாம் என்றான். கண்டிப்பாக இடுப்பில் கரடி ஸ்ப்ரே இருக்க வேண்டும். வேறொன்றும் இல்லை, மிளகாய்க் காரம்தான், அழுத்தினால் சில மீட்டர் தூரத்துக்கு மேகம் மாதிரிப் பரவும். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை, காற்று உங்கள் பக்கம் அடித்தால் அழப்போவது நீங்கள். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கேயே வாங்கி அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.

எந்தக் கரடி என்று பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. நிறத்தை நம்பாதீர்கள், கருங்கரடியில் பழுப்பும் உண்டு, செம்பட்டையும் உண்டு. தோளில் திமில் இருக்கிறதா, மூக்கும் நெற்றியும் சேரும் இடம் குழிந்திருக்கிறதா, முன்னங்கால் நகம் நீளமா, அப்படியென்றால் கிரிஸ்லி. எதுவானாலும் ஓடக்கூடாது. மெதுவாகப் பேசியபடி பின்வாங்க வேண்டும். கிரிஸ்லி தன் குட்டியைக் காக்க மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்துப் பிடரியைக் கைகளால் மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். பின்தொடர்ந்து வந்து தாக்குகிற கரடி என்றால், அது எதுவாக இருந்தாலும், கையில் கிடைத்ததை வைத்து அடித்துப் போராட வேண்டும். லியார்ட் வெந்நீர் ஊற்றில் 1997 ஆகஸ்டில் ஒரு கருங்கரடி இரண்டு பேரைக் கொன்றது, அதில் ஒருவர் காப்பாற்றப் போனவர். இப்போது அதே ஊற்றில் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாகக் குளிக்கிறார்கள். சதுப்பு நிலத்தின் மேல் பலகை நடைபாதை, அதில் போனால் குளம். ஒரு முனையில் 50 டிகிரிக்கும் மேல் கொதிக்கும், இந்தப் பக்கம் வர வர இதமாகும், உடம்பு வலியெல்லாம் போன இடம் தெரியாது. குளித்துக்கொண்டே புதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பனிக்கரடியும் பென்குவினும் பார்த்தீர்களா ஆன்ட்டி? – ஏழாம் வகுப்பு மாணவன், சிவகாசி

பென்குவின் தெற்கே, நான் போனது வடக்கே! பனிக்கரடி கடல்மேல் மிதக்கும் பனிக்கட்டியில் சீல் பிடித்துத் தின்கிற மிருகம், இந்தச் சாலையோரம் வருவது அபூர்வம். ஆனால் டக்டோயாக்டக் பக்கத்தில் பிங்கோ என்று ஒன்று பார்த்தேன், தட்டையான நிலத்தில் திடீரென்று எழும் குன்று, உள்ளே முழுக்கப் பனிக்கட்டி, மேலே மண்ணும் புல்லும் போர்த்தியிருக்கும். அங்கே இருக்கும் பெரியது 49 மீட்டர் உயரம். உங்கள் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிற உயரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் சுத்த சைவம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி? – வாசகி, கும்பகோணம்

ஒயிட்ஹார்ஸில் பெரிய கடைகள் இருக்கின்றன, அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும், அங்கே நிரப்பிக்கொண்டால் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினால் சாலையோரச் சாப்பாட்டுக்கடையில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவல்தான், பழக்கமாகிவிடும். நாங்கள் ஒரு சின்ன அடுப்பு, ஒரு குக்கர், இட்லிப் பொடி டப்பா, புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தோம். யூகான் அரசாங்கத்தின் முகாம் இடங்களில் விறகு இலவசம், வேண்டியதை எடுத்து எரித்துக்கொள்ளலாம்.

ஒரே சிக்கல் வாசனை. கரடியின் மூக்கு நாயின் மூக்கைத் தூக்கிச் சாப்பிடும். சாம்பாரோ புளிசாதமோ கூடாரத்துக்குள் வைத்துத் தூங்கினால் நீங்களே அழைப்பிதழ் அடித்த மாதிரி. சமைத்த இடம் ஒன்று, தூங்கும் இடம் இன்னொன்று. பாத்திரம், எண்ணெய், பற்பசை வரை எல்லாமே காருக்குள் போக வேண்டும், அல்லது முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள். பெருங்காய டப்பாவை மூன்று பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டினேன். அப்படியும் காரெல்லாம் மணத்தது. வாடகைக் கார்க்காரர் திருப்பிக் கொடுக்கும்போது மூக்கைச் சுளித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் யார், எதற்காகச் சாலை போட்டார்கள்? – ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை ஊழியர், வேலூர்

உங்களுக்குத்தான் இது ரசிக்கும். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அலாஸ்காவை ஜப்பான் பிடித்துவிடுமோ என்ற பயம் வந்தது, அங்கே போக நிலவழியே கிடையாது. 1942 மார்ச்சில் தொடங்கி அக்டோபருக்குள் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் படைகள் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் வெட்டி முடித்தார்கள். பல முனைகளிலிருந்து ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர், அன்றைக்கு ராணுவத்தில் அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு. தெற்கத்தி வெயிலில் வளர்ந்த பிள்ளைகளை மைனஸ் 40க்குக் கொண்டுவந்து கூடாரத்தில் படுக்க வைத்தார்கள். ரொம்ப காலம் அவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தொழில் விஷயம் ஒன்று. முதலில் எல்லா இடத்திலும் செய்கிற மாதிரி புல்டோசரை விட்டு மேல்மண்ணையும் பாசியையும் வழித்து எடுத்தார்கள். அடியில் நிரந்தரமாக உறைந்த நிலம், அதற்குப் பாசிதான் போர்வை. போர்வையை உருவினதும் பனி உருகி, சாலை முழுக்கச் சேறாகி, வண்டிகள் அச்சு வரை முழுகின. அப்புறம்தான் பாடம் படித்து, பாசியைத் தொடாமல் அதன் மேல் மரக்கட்டையை வரிசையாக அடுக்கி, அதன் மேல் சரளை கொட்டினார்கள். பின்னால் வந்த டெம்ப்ஸ்டர் சாலையை ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் போட்டார்கள், ஓர் ஆள் உயரத்துக்குச் சரளை மேடு, குளிர்பெட்டிக்குத் தெர்மோகோல் மாதிரி. இன்றைக்கும் க்ளூவானி ஏரிக்கு மேற்கே சாலை அலை அலையாக எழும்பி இறங்கும், உறைநிலம் உருகும் அழகு அது. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வளைவுகளை நேராக்கி நேராக்கி இன்று 2,200 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் பழைய மைல் கணக்கை யாரும் விடவில்லை. 'மைல் 496' என்று விலாசம் சொல்வார்கள், உங்கள் கார் மீட்டர் வேறு சொல்லும்.

டெம்ப்ஸ்டர் சாலையில் டயர் வெடித்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விவரம் வேண்டும், நானும் போகிற எண்ணத்தில் இருக்கிறேன். – வாசகர், ஸ்கார்பரோ

அது கொஞ்சம் மானக்கேடான கதை, அதனால் சுருக்கினேன்.

டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை டாசன் சிட்டிக்கு 40 கிலோமீட்டர் முன்னால் பிரிந்து இனுவிக் வரை 736 கிலோமீட்டர், அப்புறம் 2017 நவம்பரில் திறந்த புதுச்சாலை இன்னும் 138 கிலோமீட்டர் போய் டக்டோயாக்டக்கில் கடலைத் தொடும். தார் கிடையாது. பிரியும் இடத்தில் பெட்ரோல் போட்டால் அடுத்த பெட்ரோல் ஈகிள் ப்ளெய்ன்ஸில், 369வது கிலோமீட்டர். நடுவில் கடை, வீடு, போன் சிக்னல் எதுவும் இல்லை. சில பகுதிகளில் சரளையோடு ஷேல் என்ற தகட்டுப் பாறைச் சில்லு கலந்திருக்கும், அரிவாள்மணை மாதிரி கூர்மை.

மெதுவாகப் போ, 70க்கு மேல் போகாதே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டூம்ஸ்டோன் மலைகளைத் தாண்டியதும் நிலம் திறந்தது. செப்டம்பர் நெருங்கும்போது துந்திரா என்ற அந்த மரமில்லாத வடக்கத்தி வெளியில் முழங்கால் உயரச் செடியெல்லாம் குங்குமச் சிவப்பாகி, தூரத்து மலை வரை கம்பளம் விரித்த மாதிரி கிடக்கும். இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டு வந்தோம், சாலையை யாரும் பார்க்கவில்லை. 230வது கிலோமீட்டர் வாக்கில் பின்டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கியும் இருந்தது. ஜாக்கியை வைத்துத் தூக்கத் தூக்க, கார் எழவில்லை, ஜாக்கி சரளைக்குள் இறங்கிக்கொண்டே போனது. அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு வேண்டும் என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. சமையல் பலகையை வைத்தோம், இரண்டாகப் பிளந்தது.

நாற்பது நிமிடம் ஒரு வண்டியும் இல்லை. இரண்டு அண்டங்காக்கா வந்து எதிரே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அமைதி காதில் ரீங்காரமாகக் கேட்டது. பிறகு ஒரு லாரி வந்தது, நாங்கள் கையைக் காட்டுவதற்கு முன்பே நின்றது. அந்தச் சாலையில் நின்றிருக்கும் வண்டியைத் தாண்டி யாரும் போவதில்லை, இது எழுதாத சட்டம். ஓட்டுநர் குவிச்சின் என்ற அந்தப் பகுதிப் பூர்வகுடி இனத்துப் பெரியவர், பேசாமல் தடித்த பலகை ஒன்றை எடுத்துப் போட்டு, பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, 'ஒரு ஸ்டெப்னியோடு யார் உங்களை அனுப்பியது' என்று மட்டும் கேட்டார். நாங்களாகவேதான் வந்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஈகிள் ப்ளெய்ன்ஸில் டயர் ஒட்டிக் கொடுப்பார்கள், ஆனால் பக்கவாட்டுக் கிழிசலை ஒட்ட முடியாது.

ஆகவே இரண்டு ஸ்டெப்னி, ஒரு நல்ல பலகை, ஒரு கேன் பெட்ரோல், காற்றடிக்கும் பம்பு, முடிந்தால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், சரளைச் சாலைக்கே அனுமதி இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். தூசு அடங்க கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள், மழை பெய்தால் அது சேறோடு கலந்து காரில் சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கே கழுவிவிட வேண்டும். பீல், மக்கென்சி என்று இரண்டு ஆறுகளை ஃபெர்ரியில் கடக்க வேண்டும், கட்டணம் கிடையாது. குளிர்காலத்தில் அதே ஆற்றின் மேல் பனிச்சாலை. உறையும் பருவத்திலும் உருகும் பருவத்திலும் சில வாரம் இரண்டும் இல்லை, இனுவிக்குக்குத் தரைவழி அறுந்துவிடும்.

டெம்ப்ஸ்டர் என்பது யார்? – வாசகி, பாளையங்கோட்டை

ஒரு போலீஸ்காரர். 1910 டிசம்பர் 21ஆம் தேதி ஃபோர்ட் மக்ஃபெர்சனிலிருந்து நான்கு பேர் நாய்வண்டியில் டாசனுக்குத் தபால் கொண்டு கிளம்பினார்கள். வேகமாகப் போக வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். வழி தெரிந்த குவிச்சின் வழிகாட்டியைப் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம் திரும்ப வேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நாய்களை ஒவ்வொன்றாகத் தின்றார்கள். மார்ச்சில் கார்ப்பொரல் டெம்ப்ஸ்டர் தேடிப்போனபோது நான்கு பேரும் பிணம், ஊருக்கு ஒரு நாள் இரண்டு நாள் தூரத்தில். ஃபோர்ட் மக்ஃபெர்சன் தேவாலயத்தில் அவர்கள் கல்லறை இருக்கிறது, பார்த்தேன். உயிரோடு இருந்து தேடியவர் பெயர் சாலைக்கு. திருப்பி அனுப்பப்பட்ட வழிகாட்டியின் பெயரில் ஒரு ஓடையாவது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

லட்சக்கணக்கில் கரிபூ மான் ஓடும் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கணக்கில் ஒன்றுகூட இல்லையே! – வாசகர், சேலம்

இல்லை, ஒன்றுகூட இல்லை. போர்க்கியுபைன் மந்தை என்று பெயர், 2017 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவை கோடையில் வடக்கே அலாஸ்கா கடற்கரைச் சமவெளியில் குட்டி போட்டுவிட்டு, குளிர் நெருங்கும்போது டெம்ப்ஸ்டர் பக்கம் இறங்கும். நாங்கள் கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டோம். ஈகிள் ப்ளெய்ன்ஸில் காப்பி ஊற்றிக்கொடுத்த பெண்மணி 'இன்னும் மூன்று வாரம் இருங்கள்' என்றார். லீவு யார் கொடுப்பது? கரிபூ நடக்கும்போது கால் தசைநார் 'டிக் டிக்' என்று சொடுக்குமாம், மந்தை போகும்போது அந்தச் சத்தமே கேட்குமாம், அதைக் கேட்கவாவது இன்னொரு தடவை போக ஆசை.

நாற்பது வருடமாக லாரி ஓட்டுகிறேன். அந்தச் சாலையில் ராத்திரி ஓட்டலாமா? – வாசகர், நாமக்கல்

உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி ஐயா. ஆனாலும் மூஸ் பற்றி மட்டும் கேளுங்கள். குதிரையைவிட உயரம், நல்ல கடா என்றால் 600 கிலோ. உடம்பெல்லாம் கறுப்புப் பழுப்பு, ராத்திரியில் தெரியவே தெரியாது, கண் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், அதனால் மின்னாது. கால் மட்டும்தான் பம்பர் உயரம். கார் மோதினால் காலை ஒடித்துவிட்டு அந்த 600 கிலோவும் கண்ணாடி வழியே மடியில் வந்து விழும். லாரிக்குச் சேதம் குறைவு, காருக்குப் பிழைப்பது கஷ்டம். அங்கே இருக்கும் லாரிக்காரர்கள் முன்னால் தடித்த குழாய்க் கம்பிச் சட்டம் மாட்டியிருப்பார்கள். நாங்கள் பொழுது இருட்டினால் எங்கேயாவது ஒதுங்கிவிடுவோம். இருட்டில் ஓட்டிய ஒரே ஒரு நாள் 60ஐத் தாண்டவில்லை, அதிலும் என் கழுத்து வலித்துப் போயிற்று.

எந்த மாதம் நல்லது? – பலர்

கரடி வேண்டுமானால் மே கடைசி, ஜூன். வெளிச்சம் வேண்டுமானால் ஜூன் கடைசி, இனுவிக்கில் ஏழெட்டு வாரம் சூரியன் மறையாது, கொசு உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். நிறம் வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசி, கொசு குறைவு, ராத்திரியில் வடதுருவ ஒளியும் தெரிய ஆரம்பிக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

பருவநிலை மாற்றம் என்கிறார்களே, கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்ததா? – கல்லூரி மாணவி, சென்னை

இருந்தது. ஒயிட்ஹார்ஸிலிருந்து மலை ஆடு பார்க்கலாம் என்று க்ளூவானி ஏரிப் பக்கம் டாச்சல் டால் மலைக்குப் போனோம். அங்கே இருப்பவை டால் ஆடு, தூய வெள்ளை. கோடையில் உள்மலைக்குப் போய்விட்டு இலையுதிர் காலத்தில்தான் சாலைப்பக்கச் சரிவுக்கு வரும், எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு நீளமான பாலம். ஆற்றைக் கடக்கும் பாலம் என்று வரைபடம் சொல்கிறது, கீழே பார்த்தால் சாம்பல் நிறப் புழுதி மைதானம், நடுவில் நூல் மாதிரி தண்ணீர். காற்று அடித்தால் எதிரே மலை தெரியாத அளவுக்குத் தூசு எழும்புகிறது.

ஸ்லிம்ஸ் என்று பழைய வரைபடத்தில் இருக்கும், உள்ளூர் மக்கள் 'ஆஐ ச்சு' என்கிறார்கள். காஸ்கவல்ஷ் என்ற பனியாறு உருகி இந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பனியாறு பின்வாங்கிக்கொண்டே போய், 2016 மே மாதம், சில நாளுக்குள், உருகிய தண்ணீர் வேறொரு பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டது. முன்பு க்ளூவானி ஏரி வழியாக பெரிங் கடலுக்குப் போன தண்ணீர் இன்று தெற்கே பசிபிக்குக்குப் போகிறது. ஏரியின் நீர்மட்டமும் இறங்கிவிட்டது. ஆறு தடம் மாறுவதைப் பழைய கதைகளில் கேட்டிருக்கிறோம், நான்கு நாளில் மாறியது என்று நம்பவே முடியவில்லை. பாலத்தின் மேல் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தோம், தம்பி 'அக்கா, வாயை மூடிக்கோ, புழுதி' என்றான்.

வாட்சன் லேக்கில் பெயர்ப்பலகைக் காடு இருக்கிறதாமே, தமிழ்ப் பலகை ஏதாவது உண்டா? – வாசகர், ஈரோடு

1942இல் சாலை போட வந்த ஒரு சிப்பாய், வழிகாட்டிக் கம்பத்தைச் சரிசெய்யச் சொன்னபோது, ஊர் ஏக்கத்தில் இல்லினாயில் இருக்கும் தன் டான்வில் ஊருக்கு இத்தனை மைல் என்று ஒரு பலகையும் சேர்த்து அடித்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள் அடித்தார்கள், இன்றைக்கு 80,000க்கும் மேல், கம்பம் கம்பமாக, உள்ளே போனால் வழி தெரியாது. கார் நம்பர் பலகை, சாப்பாட்டுத் தட்டு, டாய்லெட் மூடி வரை ஆணி அடித்திருக்கிறார்கள். போகும்போது ஒரு மணி நேரம் தேடினோம், தமிழில் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை, இருக்கலாம், அத்தனையையும் யார் பார்த்தது. திரும்பும்போது இட்லிப் பொடி டப்பா காலியாகியிருந்தது, அதன் மூடியில் தம்பி மார்க்கர் பேனாவால் வத்திராயிருப்பு என்று எழுதினான், ஊர் தூரம் எழுத வேண்டுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம், சிக்னல் இல்லை, தோராயமாகக்கூடச் சொல்லத் தெரியவில்லை. 'ரொம்ப தூரம்' என்று எழுதி ஆணி அடித்துவிட்டு வந்தோம். ஒரு குளிர்காலம் தாண்டினால் மை நிற்காது என்று பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்.